வவ்வால் வர்ற பிள்ளைகள் படம் தெரிஞ்சவங்க சொல்லுங்க (கெட்டபோல் பிரச்சினை)

மூடுபனி · சனி, இரவு 8.40

எல்லாருக்கும் வணக்கம். இலங்கை மலையகத்துல கொட்டகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம் எங்களுது. வாசிகசாலையில மாசத்துக்கு ரெண்டு சனிக்கிழமை பிள்ளைகளுக்குப் படம் போடுறோம். பழைய புரொஜெக்டர் ஒண்ணு, எங்க தாத்தாவோட எட்டு முழ வேட்டி ஒண்ணு, அவ்வளவுதான் தியேட்டர். ஐந்து வயசுல இருந்து பதின்மூணு வரைக்கும் முப்பது, முப்பத்தஞ்சு உருப்படி வரும்.

விஷயம் இதுதான். தோட்டத்துல மூடிக் கிடக்கிற பழைய ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) ஒண்ணு இருக்கு. கொழுந்து வாட்டுற மேல்மாடி முழுக்க இப்ப வவ்வால். சின்னச் சின்னதா, பெருவிரல் அளவு உடம்பு. போன கிழமை நம்ம வீரர்கள் நாலு பேர் கெட்டபோலை (கல்லடிக்கிற கவணை) தூக்கிக்கிட்டு மேல ஏறிட்டானுங்க. நான் போறதுக்குள்ள மூணு கீழே கிடந்திச்சு. ஒண்ணோட நெஞ்சுல குட்டி ஒட்டிக்கிட்டு இருந்திச்சு.

ஏன்டா இப்படின்னு கேட்டா, "அது ரத்தம் குடிக்கும் மாமா"ங்கிறான் ஒருத்தன். எங்கடா பாத்தேன்னேன். "படத்துல."

படத்துல பிடிச்ச வியாதிக்குப் படத்துலயே மருந்து தேடுவோம்னுதான் இங்க வந்திருக்கேன். வவ்வால் வரணும், ரத்தம் வரக் கூடாது. சின்னதுகள் பயந்து பாயை நனைக்கவும் கூடாது. சொல்லுங்க.

பிளேன்டி · 8.52

வவ்வால் வீட்டுக்கு வவ்வால் விருந்துக்கு வந்தா நீயும் தொங்கு நானும் தொங்குறேன்னு சொல்லுவாங்க. நானும் வந்து தொங்கிட்டேன். படம் ஒண்ணும் தெரியாது.

கொழும்புக் கடை · 9.05

இதுல என்ன யோசனை, 'பேட்மேன் பிகின்ஸ்' (2005) போடுங்க. சின்னப் பையன் பாழுங்கிணத்துக்குள்ள விழுவான், வவ்வால் கூட்டம் கூட்டமா மேல மொய்க்கும். அன்னைக்குப் பிடிச்ச பயம். வளர்ந்த பிறகு அந்தப் பயத்தையே சட்டையாத் தச்சுப் போட்டுக்குவான். கருத்து இருக்குல்ல?

மூடுபனி · 9.11

கருத்து இருக்கு அண்ணே. அம்மா அப்பாவைச் சுட்டுக் கொல்றதும் இருக்கு, மூஞ்சியில சாக்கை மாட்டிக்கிட்டு ஒருத்தன் பயப்படுற மருந்தை அடிக்கிறதும் இருக்கு. மறுநாள் வேலைக்குப் பேர் கொடுக்கிற பிரட்டுக்களத்துல அம்மாமார் என்னைச் சுத்தி நிப்பாங்க. அதோட, பேட்மேன் 1939-லயே காமிக்ஸ்ல வந்த ஆளு. இத்தனை வருஷமா வவ்வால் அவர் நெஞ்சுல முத்திரையாத்தான் ஒட்டியிருக்கு. வவ்வாலைப் பத்தி அவருக்கு என்ன தெரியும்?

பழைய டெக்கு · 9.48

தம்பி, நான் பொகவந்தலாவைப் பக்கம் வீடியோ டெக்கு வாடகைக்குக் கொடுத்தவன். எண்பதுகளோட கடைசியில இருந்து சீடி வந்து எங்க பொழைப்பைக் கெடுக்கிற வரைக்கும். டிவி ஒருத்தன் தலையில, டெக்கு என் தலையில, காசெட் சாக்குப் பையில, அப்படியே மலை ஏறி இறங்குவோம். திருவிழா, சடங்கு வீடுன்னா விடிய விடிய மூணு படம். அதுக்கு முந்திப் பிள்ளைகளைத் தூங்க வைக்க ஒரு இங்கிலீஷ் கார்ட்டூன் போடுவேன்.

அப்படிப் போட்டதுல ஒண்ணு 'தி கிரேட் மவுஸ் டிடெக்டிவ்'. டிஸ்னி எடுத்தது, 1986. லண்டன்ல எலித் துப்பறிவாளர் ஒருத்தர். வில்லனும் எலிதான், ஆனா அவனை எலின்னு சொன்னா அவனுக்குப் பிடிக்காது. அவனோட கையாள்தான் ஃபிட்ஜெட்னு ஒரு வவ்வால். ஒரு கால் மரக்கட்டை, சிறகு ஒடிஞ்சு போனது, பறக்க முடியாது, நொண்டிக்கிட்டே திரிவான். படம் தொடங்கின கையோட ஜன்னல் வழியா மூஞ்சியை நீட்டுவான் பாருங்க! ஒரு பொம்பளைப் பிள்ளைக்குப் பிறந்தநாள், அவ கண் முன்னாலயே பொம்மை செய்யிற அப்பாவைத் தூக்கிக்கிட்டுப் போயிருவான். நான் போட்ட லயத்துல (தோட்டத்து வரிசை வீடுகள்ல) அந்த இடம் வந்ததும் ஒரு பொடியன் அலறி எழும்பி ஓடி கானுக்குள்ள விழுந்தான். சாக்கடை நாத்தத்தோட தூக்கிட்டு வந்தோம்.

ஆனா கடைசியில பெரிய மணிக்கூட்டுக் கோபுரத்துக்குள்ள சண்டை நடக்கும். பல்சக்கரம் பல்சக்கரமாச் சுத்துற அந்த இடத்துக்குக் கம்பியூட்டரை வச்சு வரைஞ்சாங்களாம். அந்தக் காலத்துல அது அதிசயம். எட்டு வயசுக்கு மேல தாராளமாப் போடலாம். உங்க வேலைக்குத்தான் ஆகாது. அதுல வவ்வால் கெட்டவன்.

உங்களுக்குத் தோதானது 'ஃபெர்ன்கல்லி', 1992. ஆஸ்திரேலியக் காட்டுல குட்டித் தேவதைகள், மரம் வெட்டுற பெரிய மெஷின். அதுல பேட்டின்னு ஒரு பழந்தின்னி வவ்வால். ஆராய்ச்சிக்கூடத்துல மாட்டிக்கிட்டுச் சீரழிஞ்சு தப்பி வந்தவன். மண்டையில கம்பி நட்டபடியே இருக்கும், அதனால நேராப் பறக்கத் தெரியாம மரத்துல மோதுவான். குரல் ரொபின் வில்லியம்ஸ். அதே வருஷம்தான் அந்த மனுசன் 'அலாதீன்' படத்துல விளக்குப் பூதமும் ஆனார். பிள்ளைகள் சிரிச்சுச் சிரிச்சு வயித்தைப் பிடிச்சிக்கிட்டதை நான் கண்ணால பாத்தேன்.

பிளேன்டி · 9.55

அண்ணே, கானுக்குள்ள விழுந்த பொடியன் சிவப்புச் சட்டை போட்டிருந்தானா? ஏன் கேட்கிறேன்னா எனக்கு அந்த லயம் தெரிஞ்ச மாதிரி இருக்கு.

செவந்திப்பூ · 10.20

எல்லாரும் படத்துக்குள்ள இறங்கிட்டீங்க, நான் கொஞ்சம் கசப்பாப் பேசப் போறேன்.

எனக்கு ரெண்டு பிள்ளைகள். வவ்வாலைக் கல்லெடுத்து அடிக்கிறது தப்புதான். அதுக்காக, பேசுற வவ்வால், தோள்ல உக்கார்ற வவ்வால்னு காட்டினா அடுத்த நாள் என்ன நடக்கும்? கீழே விழுந்து கிடக்கிறதைக் கையில தூக்குவாங்க. என் தம்பி ஏழு வயசுல அப்படித்தான் தூக்கினான். இஸ்தோப்புல, வாசல் திண்ணையில கிடந்திச்சு, பாவம்னு துணியில சுத்தப் பாத்தான், விரல்ல கடிச்சிருச்சு. அப்பாயி மஞ்சளை அரைச்சுப் பூசிட்டு விட்டிருச்சு. ரெண்டு நாள் கழிச்சு அப்பாவுக்குத் தெரிஞ்சு, மழையில லொறி பிடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்க ஊசி இல்லன்னு இன்னொரு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாங்க. அம்மா வழியெல்லாம் அழுதுக்கிட்டே வந்தது இன்னும் காதுல கேட்குது. தம்பி நல்லா இருக்கான், இப்ப துபாய்ல இருக்கான். ஆனா எனக்கு வவ்வால்னா இன்னைக்கும் அடிவயித்துல ஒரு மாதிரி.

2018-ல கேரளாவுல நிபா காய்ச்சல் வந்தப்ப வவ்வாலைப் பத்தி என்ன பேசிக்கிட்டாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். பயத்தை முழுசா எடுக்கிற படம் வேணாம்னுதான் சொல்றேன்.

மூடுபனி · 10.31

அக்கா, இது நான் யோசிக்காத பக்கம். நன்றி.

கெம்பஸ்காரி · ஞாயிறு, காலை 7.15

பேராதனையில விலங்கியல் படிக்கிறேன், ஊர் தலவாக்கலை. செவந்திப்பூ அக்கா சொன்னது நூத்துக்கு நூறு சரி. படம் போடுறதுக்கு முந்தி ஒரே ஒரு சட்டம் சொல்லிடுங்க: பாக்கலாம், தொடக் கூடாது. தரையில கிடக்கிற வவ்வால் பெரும்பாலும் சுகமில்லாதது. கடிச்சாலும் சரி, நகம் கீறினாலும் சரி, சவர்க்காரம் போட்டு ஓடுற தண்ணியில பதினஞ்சு நிமிஷம் கழுவிட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போகணும். மஞ்சள் பூசிட்டு இருக்கக் கூடாது. இன்னொண்ணும் சொல்லுங்க, எங்க பக்கம் இன்னும் சிலர் மூச்சு இழுப்புக்கு மருந்துன்னு வவ்வால் கறி வைக்கிறாங்க. வேணவே வேணாம். மேல்மாடியில எச்சம் கூட்டவும் பிள்ளைகளை விடாதீங்க.

இப்ப ரத்தம் விஷயத்துக்கு வருவோம். உலகத்துல 1,400 வகைக்கு மேல வவ்வால் இருக்கு. ரத்தம் குடிக்கிறது மூணே மூணு. அந்த மூணும் மெக்சிகோவுல இருந்து தெற்கே, அமெரிக்கக் கண்டத்துல மட்டும்தான். கொட்டகலைக்கு வரணும்னா பாஸ்போட் எடுத்துத்தான் வரணும். நம்ம நாட்டுல சுமார் 30 வகை. ஒண்ணு பழம் தின்னும், இல்லன்னா பூச்சி தின்னும், ஒரு வகை தவளை, எலின்னு பிடிக்கும். ரத்தம் குடிக்கிறது கிடையாது.

இங்க பேராதனைப் பூங்காவுல (கார்டன்ல) ஆத்தோரமா உசந்த மரங்கள்ல தொங்குறது பழந்தின்னி. சிறகை விரிச்சா நாலு அடிக்கு மேல. முதல்தடவை பிள்ளையா டிரிப் வந்தப்ப கறுப்பா ஏதோ பெரிய காய் காய்ச்சிருக்குன்னு நினைச்சேன். ஒரு காய் சோம்பல் முறிச்சிச்சு! வெயில் நேரத்துல சிறகாலயே விசிறிக்கிட்டு இருக்கும். ஒண்ணை ஒண்ணு இடிச்சு, திட்டி, இடம் மாத்தி, அப்படியே தண்ணிப் பைப்புக்கு முன்னால கியூ நிக்கிற மாதிரிதான். இதுகளுக்குக் கண்ணு நல்லாத் தெரியும், மூக்கும் கூர்மை. நீங்க சொல்ற ஸ்டோர்க்காரங்க வேற. அவங்க நம்ம காதுக்கு எட்டாத உசந்த சத்தத்தைப் போட்டு, அது பட்டுத் திரும்பி வர்றதை வச்சு இருட்டுல விட்டில் பிடிக்கிறவங்க. ஒருத்திக்கு வருஷத்துக்குப் பெரும்பாலும் ஒரு குட்டிதான். மூணு அடிச்சா எவ்வளவு நட்டம்னு பாத்துக்கோங்க.

நம்ம சினிமாக்காரர் யாராவது எடுக்கணும்னா ஒரு கதாநாயகன் ரெடியா இருக்கான். செம்மஞ்சள் உடம்பு, சிறகுல கறுப்புத் திட்டு, காய்ஞ்ச வாழை இலைக்குள்ள தூங்குற சின்ன வவ்வால். அந்த இனத்துக்கு விஞ்ஞானப் பேர் கெரிவௌலா. எங்க இருந்து வந்திச்சு தெரியுமா? சிங்களத்துல கெஹெல்னா வாழை, வவுலான்னா வவ்வால். அதைக் காதுல வாங்கி, 1842-ல ஜோன் எட்வர்ட் கிரேங்கிற இங்கிலீஷ்காரர் லத்தீன் மாதிரி எழுதி வச்சிட்டார். நம்ம ஊர்ச் சொல் உலகம் முழுக்க ஓடுது, நமக்குத்தான் தெரியல.

பதுளை மாஸ்டர் · ஞாயிறு, காலை 10.02

மகள் கெம்பஸ்காரிக்குப் பாராட்டுகள். ஓய்வுபெற்ற தமிழாசிரியன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன்.

வௌவாலைப் பேயாக்கியது நம்மவர்கள் அல்லர். குறுந்தொகையில் வௌவாலைக் கண்டால் மாலை வந்துவிட்டது என்று பொருள். பகலெல்லாம் தங்கியிருந்த முதிய மரம் தனித்துப்போக, அது பலாமரச் சாரலை நோக்கிப் பறக்கிறது. அதன் மெல்லிய சிறகு ஆம்பல் இலையின் புறப்பக்கத்தைப் போல் இருக்கிறதாம். குளத்தில் ஆம்பல் இலையைத் திருப்பிப் பார்த்தவனுக்கு மட்டுமே இந்த உவமை தோன்றும். அங்கே தலைவியின் துயரம் இருக்கிறது. வௌவால்மீது பழி இல்லை.

பிராம் ஸ்டோக்கரின் டிராகுலா நாவல் வந்தது 1897இல். அதன் பின்னர்தான் வௌவால், கறுப்பு மேலங்கி, கழுத்தில் இரண்டு பல் என்று எல்லாம் ஒரே பொட்டலமாகக் கட்டப்பட்டுச் சினிமாவுக்குப் போயிற்று. இதில் ஒரு வேடிக்கை: டெக்குக்காரத் தம்பி சொன்ன எலிப் படத்தின் கதை நடப்பதும் அதே 1897இல்தான், விக்டோரியா ராணியின் வைரவிழாவை ஒட்டி.

செவந்திப்பூ · 10.40

சேர், மன்னிக்கணும். குறுந்தொகையில பழி இல்லாம இருக்கலாம். எங்க லயத்துல இருந்திச்சு. வவ்வால் வீட்டுக்குள்ள வந்தா காரியம் ஆகாது, பொம்பளைப் பிள்ளை தலையை விரிச்சுப் போட்டா முடியில சிக்கிக்கும், பாழடைஞ்ச பங்களாவுல வவ்வால் இருந்தா முனி இருக்கு, இதெல்லாம் அப்பாயி சொன்னது. அப்பாயி டிராகுலாவைப் பாத்ததே இல்ல.

பதுளை மாஸ்டர் · 11.15

தோற்றேன் மகள். பாழடைந்த வீட்டில் வௌவால் இருப்பது நம் கதைகளிலும் உண்டு. இருப்பினும் அங்கே அது வீடு பாழானதற்குச் சாட்சி, குற்றவாளி அன்று. இதை மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

கொழும்புக் கடை · பகல் 1.30 (கடையில சாப்பாட்டு நேரம்)

'ஹோட்டல் ட்ரான்சில்வேனியா' (2012) யாரும் சொல்லலையே? டிராகுலா ஹோட்டல் நடத்துறார், மகளுக்கு 118 வயசு, பிறந்தநாள். அப்பாவும் மகளும் படக்கு படக்குன்னு வவ்வாலா மாறிப் பறப்பாங்க. டிராகுலா ரத்தமே குடிக்கிறதில்ல. அக்கா மகன் பத்துத் தடவை பாத்துட்டான். மனுசங்களைப் பாத்துத்தான் பேய்கள் பயப்படும், அதுதான் பகிடி.

கெம்பஸ்காரி · 1.52

நல்ல படம்தான், நானும் சிரிச்சேன். ஆனா டிராகுலா நல்லவர்னு காட்டினாலும் வவ்வாலும் டிராகுலாவும் ஒண்ணுங்கிற முடிச்சு அவிழல. நம்ம வீரன் மறுபடியும் "பாத்தீங்களா மாமா, மனுசனா மாறும்"பான்.

இதுவரைக்கும் சொன்ன படங்களை வரிசையா யோசிங்க. ஒருத்தன் நொண்டி, ஒருத்தன் மண்டையில கம்பி, ஒருத்தர் ஹோட்டல் முதலாளி. எதுலயாவது வவ்வால் வவ்வாலா இருந்து, அந்திக்கு எழும்பி, இரை தேடி, குட்டிக்குப் பால் கொடுத்திச்சா?

அப்படி இருக்கிறது எனக்குத் தெரிஞ்சு ரெண்டு. 'ஸ்டெல்லாலூனா', 2004. ஜனெல் கேனன் 1993-ல எழுதின படக்கதையை வச்சு எடுத்தது. ஆந்தை துரத்தினதுல அம்மாகிட்ட இருந்து விழுந்த பழந்தின்னிக் குட்டி ஒரு குருவிக் கூட்டுக்குள்ள விழுந்து வளருது. பூச்சி தின்னச் சொல்றாங்க, தலைகீழாத் தொங்கக் கூடாதுங்கிறாங்க. பாவம், மூக்கைச் சுளிச்சுக்கிட்டே தின்னும். சின்னதுகளுக்கு இதைவிடத் தோதானது இல்ல.

மற்றது 'சில்வர்விங்', 2003-ல வந்த கனடாத் தொடர், 13 பாகம். கென்னத் ஒப்பெல் நாவல். ஷேட்னு ஒரு சோனிக் குட்டி, சூரியனைப் பாக்கக் கூடாதுங்கிற கட்டளையை மீறிப் பாத்துடும், அதனால ஆந்தைகளோட சண்டையே வந்திடும். வவ்வால்களுக்கு ஊர், சட்டம், சாமி எல்லாம் உண்டு. ஆனா மத்த வவ்வாலையே தின்கிற ஒரு ராட்சச வவ்வாலும் வருவான். பத்து வயசுக்குக் கீழே வேணாம்.

பழைய டெக்கு · மாலை 5.10

நான் ஒண்ணை விட்டுட்டேன். 'அனஸ்தேசியா', 1997. ரஸ்புடின்னு செத்தும் சாகாத மந்திரவாதி. கையும் தலையும் அப்பப்ப கழண்டு விழும், அதைச் சின்னதுகளுக்குக் காட்டாதீங்க. அவன்கூட பார்டோக்னு ஒரு வெள்ளை வவ்வால். முதலாளி பைத்தியம்னு தெரிஞ்சும் சம்பளத்துக்கு நிக்கிற கணக்கப்பிள்ளை மாதிரி தலையை ஆட்டிக்கிட்டே இருப்பான். அவனுக்குத் தனியாவும் ஒரு படம் வந்திச்சு, 'பார்டோக் தி மெக்னிஃபிசன்ட்', 1999. அது கொஞ்சம் லேசானது.

பிளேன்டி · 5.22

'ராங்கோ' (2011). பச்சோந்தி ஷெரிப். அதுல ஒரு கூட்டம் வவ்வால் மேல ஏறி, பிளேன்ல வர்ற மாதிரி வந்து தாக்கும். வவ்வாலை வாகனமா வச்சிருக்காங்க. நம்ம வீரர்கள் அதைப் பாத்தா கெட்டபோலை விட்டுட்டுச் சேணம் தேடுவானுங்க. வேணாம்.

(சிவப்புச் சட்டை கேள்விக்கு இன்னும் பதில் வரல.)

மூடுபனி · இரவு 8.05

எல்லாம் இங்கிலீஷா இருக்கு. எங்க பிள்ளைகளுக்கு 'யெஸ் சேர், நோ சேர்' தாண்டாது.

பழைய டெக்கு · 8.30

அதுக்கா கவலை? நாங்க டெக்கு போட்ட காலத்துல ஒரு அண்ணன் இருப்பார், டிவிக்குப் பக்கத்துல முக்காலி போட்டு உக்காந்து இங்கிலீஷ் படத்துக்கு வசனம் சொல்லுவார். அவருக்கும் இங்கிலீஷ் தெரியாது. அது எங்களுக்குத் தெரியவே தெரியாது! ஒரே படத்துக்கு ரெண்டு தோட்டத்துல ரெண்டு கதை. சனம் ரெண்டையும் ரசிச்சிச்சு.

ரூபவாஹினி டிவியில டைட்டஸ் தொடவத்த என்ன செஞ்சார்? டொக்டர் டூலிட்டில் கார்ட்டூனை எடுத்து 'தொஸ்தர ஹொந்தஹித'ன்னு சிங்களத்துல புதுசாவே ஆக்கிட்டார். பக்ஸ் பன்னியை 'ஹா ஹா ஹரி ஹாவா' ஆக்கினார். என் மூத்தவன் சிங்களம் படிச்சதே அந்த முயல்கிட்டதான். யாராவது வாய்க்காரியா ஒரு பிள்ளையைப் பிடிங்க, பேச விடுங்க.

மூடுபனி · 8.41

வாய்க்காரின்னா எங்க வீட்டுலயே ஒண்ணு இருக்கு. தங்கச்சி.

மட்டுறுத்துநர் · 9.00

திருட்டுப் பிரதி இணைப்புக் கேட்டு மூணு பேர் எழுதினதை நீக்கியிருக்கேன். இங்க வேணாம்.

மூடுபனி · இரண்டு கிழமை கழிச்சு, ஞாயிறு, காலை 9.20

நேத்து போட்டோம். ஒழுங்காச் சொல்லணும், நேரம் இருந்தா வாசிங்க.

'ஃபெர்ன்கல்லி'தான் போட்டது, ஒரு நண்பன்கிட்ட டிவிடி இருந்திச்சு. வாசிகசாலைக் கூரை ஒழுகுதுன்னு வெளிச் சுவத்துல வேட்டியைக் கட்டினோம். பனி இல்ல, அதிசயம். தொடங்க முந்தி கெம்பஸ்காரி தங்கச்சியோட சட்டத்தைச் சொல்லி மூணு தடவை திருப்பிச் சொல்ல வச்சேன். செவந்திப்பூ அக்கா தம்பியோட கதையையும் பேர் சொல்லாமச் சொன்னேன். ஊசின்னதும் எல்லாம் கையைப் பின்னால கட்டிக்கிச்சு.

எங்க வீட்டுத் தங்கச்சி முக்காலியில உக்காந்தா. தேவதைகளுக்கு டீச்சர் குரல். மெஷின்ல இருந்து வர்ற கறுப்புப் புகைப் பிசாசுக்குக் குரலே கொடுக்க முடியல, இருமல் வந்திருச்சு, அதுவே பொருத்தமாப் போச்சு. அந்த இடத்துல சின்னதுகள் அஞ்சாறு அம்மா மடிக்கு மாறிச்சுகள். பேட்டிக்கு அவ எடுத்த குரல்தான் குரல்: டிஸ்பென்சரிக்குப் போயிட்டு வந்து ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நின்னு தன் வியாதியைச் சொல்ற எங்க தோட்டத்துக் கிழவர் ஒருத்தர். அப்படியே இழுத்து, மூச்சு வாங்கி. கிழவரும் பின்னால உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தார். யாரைன்னு அவருக்கு மட்டும் விளங்கல.

பேட்டி தனக்கு ஆராய்ச்சிக்கூடத்துல நடந்ததை எல்லாம் பாட்டாப் பாடுற இடம் வந்திச்சு. நம்ம வீரன், ரத்தம் குடிக்கும்னு சொன்னவன், "யாரு மாமா அவனுக்கு வயரு மாட்டுனது?"ன்னான். "நம்மள மாதிரி ஆளுங்கதான்." பக்கத்துல இருந்தவன் இவன் விலாவுல முழங்கையால ஒரு இடி விட்டான்.

இனிமேத்தான் முக்கியமானது. மழை விட்ட ராத்திரியில வெளிய வெளிச்சம் போட்டா என்ன வரும்? விட்டில். புரொஜெக்டர் வெளிச்சத்துல அவ்வளவும் மொய்க்க ஆரம்பிச்சிருச்சு. முதல்ல தங்கச்சி வாய்க்குள்ள ஒண்ணு போயிருச்சு. கொஞ்ச நேரத்துல வேட்டியில பெருசா ஒரு நிழல், ஒரு ஆள் உயரச் சிறகு, இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம். படத்துல வர்றதுன்னு பாதிப் பேர் நினைச்சானுங்க. திரும்பி வந்திச்சு. ஒருத்தி மேல பாத்து, "நெசமானது!"ன்னா.

ஸ்டோர்ல இருந்து வந்த வவ்வால், தம்பிடி அளவு. வெளிச்சத்துக்குள்ள வரும், சட்டுன்னு ஒடிச்சுத் திரும்பும், ஒரு விட்டில் இருந்த இடத்துல இருக்காது. புரொஜெக்டருக்குக் கிட்ட வர்றப்ப சிறகு ஊடாக வெளிச்சம் போய் உள்ளே விரல் எலும்பு கோடு கோடாத் தெரிஞ்சிச்சு, குடைக்கம்பி மாதிரி. அப்புறம் ரெண்டு, மூணுன்னு ஆயிருச்சு. எண்ண ஆரம்பிச்சவன் பதினேழாவது விட்டில்ல கணக்கை விட்டுட்டான்.

நான் படத்தை நிறுத்திட்டேன். வெளிச்சத்தை நிறுத்தல. பத்து நிமிஷம் வெறும் வெள்ளை வேட்டியைப் பாத்துக்கிட்டு முப்பத்திரெண்டு பிள்ளைகளும் உக்காந்திருந்திச்சுகள். மிச்சப் படத்தைப் பிறகு போட்டோம், பாதிப் பேர் அதைக் கவனிக்கவே இல்ல.

கெட்டபோல் நாலுல ரெண்டு வாசிகசாலை மேசை லாச்சியில இருக்கு. மத்த ரெண்டும் தொலைஞ்சு போச்சாம். நான் நம்பல.

ஒரு கேள்விதான் மாட்டிக்கிச்சு. கடைசியில ஒரு வாண்டு கேட்டான், "வவ்வால் வாயால தின்னு வாயாலயே கக்கா போகும்னு ஆயா சொல்லுது, நெசமா?" எல்லாம் என் மூஞ்சியையே பாத்திச்சுகள். நான் வேட்டியை மடிக்கப் போயிட்டேன்.

செவந்திப்பூ · 9.51

வாசிச்சேன். அந்தப் பத்து நிமிஷத்துல என் பிள்ளைகளும் இருந்திருக்கலாமேன்னு இருந்திச்சு. நான் கொஞ்சம் தள்ளி நின்னு பாத்திருப்பேன். முந்தானையைத் தலையில போட்டுக்கிட்டு.

கெம்பஸ்காரி · 10.08

ஆயா பாத்தது சரி, விளக்கம்தான் பிழை. பழந்தின்னி பழத்தை மென்னு, மேல்வாயில அழுத்தி, சாறை மட்டும் உறிஞ்சிட்டுச் சக்கையை உருண்டையாத் துப்பும். கொய்யா மரத்தடியில காலையில பாருங்க, தும்பு தும்பாக் கிடக்கும். வாயில இருந்து விழுறதைப் பாத்துட்டுத்தான் அந்தக் கதை. கக்கா வர்றப்ப அது புரண்டு, சிறகோட மேல் மடிப்புல இருக்கிற பெருவிரல் நகத்தால கிளையைப் பிடிச்சுத் தலை மேல இருக்கிற மாதிரி தொங்கும். முடிச்சிட்டு உதறிட்டு மறுபடி தலைகீழ். கார்டனுக்குக் கூட்டிட்டு வாங்க, நேரடியாக் காட்டுறேன். குடை கொண்டு வாங்க.

பழைய டெக்கு · 10.30

அடுத்த தடவை வேட்டி வேணாம் தம்பி. என்கிட்டப் பழைய வெள்ளைத் திரைத் துணி ஒண்ணு மடிச்சபடி கிடக்கு, பத்தடி அகலம், ஓரத்துல மட்டும் எலி கடிச்சிருக்கு. ஹட்டன் வரைக்கும் கொண்டாந்து தர்றேன், அங்க யாராவது வந்து எடுங்க. 'ஸ்டெல்லாலூனா' கிடைச்சா எனக்கும் சொல்லுங்க, பேத்தியோட வர்றேன்.

பிளேன்டி, அவன் போட்டிருந்தது பச்சைச் சட்டை. ஆனா கானுக்குள்ள இருந்து தூக்கினப்ப நிறம் தெரியல, சத்தியமா.

பிளேன்டி · 10.33

அப்ப நான்தான்.